ஒரே அறை, இரட்டை வாடகை: ஒரு பிரகசனமும் அதன் காலனித்துவ மேடையும்

காலனித்துவ கால நாடகம் பற்றிப் பேசும்போது நமது விமர்சகர்கள் வழமையாக இரண்டு இடங்களில் தரித்து நிற்பர். ஒன்று ஷேக்ஸ்பியர். மற்றையது ஆட்சியாளரை நேரடியாக எதிர்த்தெழுந்த நாடகங்கள். இவ்விரண்டுக்கும் இடையில், பெரிய நாடகம் முடிந்த பின்னரோ அது தொடங்கு முன்னரோ அரை மணி, முக்கால் மணி நேரம் ஆடப்பட்ட சிறு நகைச்சுவைத் துண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. ஆங்கிலேயர் இவற்றை 'ஃபார்ஸ்' என்றனர். வடமொழி நாடக மரபில் இதற்கு நெருங்கிய சொல் பிரகசனம். வங்காளிகளும் அச்சொல்லையே கைக்கொண்டனர். நாமும் இங்கு அதனையே பயன்படுத்துவோம்.

பிரகசனம் தீங்கற்றது, சிந்தனையற்றது, காலத்தைப் போக்குவதற்கானது என்பது பரவலான எண்ணம். ஆனால் இந்திய உபகண்டத்தின் மேடைக்கு விலங்கு பூட்டிய முதற் பெரும் சட்டம் ஒரு துன்பியல் நாடகத்தால் வந்ததல்ல. அது ஒரு பிரகசனத்தால் வந்தது. இந்த உண்மையை விளங்கிக்கொள்ள, அரசியலே இல்லாதது போலத் தோன்றும் ஓர் ஆங்கிலப் பிரகசனத்திலிருந்து தொடங்குவது பொருத்தமானது.

ஜோன் மடிசன் மோர்ட்டன் (1811 - 1891) எழுதிய 'பொக்ஸ் அன்ட் கொக்ஸ்' 1847 நவம்பர் 1ஆம் திகதி லண்டன் லைசியம் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. பக்ஸ்டன் பொக்ஸாகவும் ஹார்லி கொக்ஸாகவும் நடித்தனர். கதை மிக எளிது. பொக்ஸ் அச்சகத் தொழிலாளி. இரவு முழுதும் வேலை. கொக்ஸ் தொப்பி செய்பவன். பகல் முழுதும் வேலை. வீட்டுக்காரி பௌன்சர் அம்மாள் ஒரே அறையை இருவருக்கும் தனித்தனியே வாடகைக்கு விட்டிருக்கிறாள். ஒருவன் போக மற்றவன் வருவதால் இருவருக்கும் விடயம் தெரியாது. ஒரு நாள் கொக்ஸின் முதலாளி அவனுக்கு விடுமுறை கொடுத்துவிடுகிறார். அடுப்பில் வாடிக்கொண்டிருப்பது பொக்ஸ் வைத்த பன்றியிறைச்சித் துண்டா, கொக்ஸ் கொண்டுவந்த ஆட்டிறைச்சியா என்பதில் சண்டை தொடங்குகிறது.

பிறகு இன்னொரு உண்மை வெளிப்படுகிறது. பெனலோப் ஆன் என்ற விதவையைக் கைவிடுவதற்காகத் தான் இறந்துவிட்டதாக நாடகமாடியவன் பொக்ஸ். இப்போது அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருப்பவன் கொக்ஸ். அவளை ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிட முயல்கின்றனர். சூது உருட்டினால் இருவருக்கும் ஆறே விழுகிறது. நாணயம் சுண்டினால் இருவருக்கும் தலையே விழுகிறது. அவள் கடலில் மூழ்கிவிட்டாள், சொத்தெல்லாம் வருங்காலக் கணவனுக்கு என்று கடிதம் வந்ததும் இருவரும் அவளுக்கு உரிமை கோருகின்றனர். அவள் உயிருடன் வருகிறாள் என்றதும் இருவரும் உரிமையை உதறுகின்றனர். இறுதியில் அவள் நொக்ஸ் என்ற மூன்றாமவனை மணந்துகொள்கிறாள். இவர்கள் எந்த ஆதாரமுமின்றித் தம்மைத் தொலைந்துபோன சகோதரர்களாக அறிவித்துக்கொண்டு அதே வீட்டில் ஒன்றாக இருந்துவிட இணங்குகின்றனர்.

இந்தக் கதைக்கும் மூலம் லண்டன் அல்ல. மோர்ட்டன் பிரெஞ்சு நாடகங்களைத் தழுவியே இதனைச் செய்தார். லபிஷும் லெபிராங்கும் எழுதிய 'ஃப்ரிசெத்' (1846) அவற்றிலொன்று. அதில் அறையைப் பகிர்பவர்கள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். மோர்ட்டன் இருவரையும் ஆண்களாக்கினார். காலனிகளில் எழுந்த நாடகங்களை 'போலி', 'தழுவல்' என ஒதுக்கிய ஆங்கில விமர்சனத்தை மேற்கோள் காட்டிப் பழகிய நாம், இங்கு ஒரு கணம் தரித்து நிற்க வேண்டும். பேரரசின் தலைநகரமே மேடைக்கு வேண்டியதைப் பாரிஸிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. தழுவுவது அடிமைகளின் குணமல்ல. அது நாடகத் தொழிலின் நடைமுறை.

இந்தச் சிறு நாடகம் கடல் கடந்ததற்குக் காரணம் அதன் இலக்கியத் தரம் மட்டுமல்ல. மூன்றே பாத்திரங்கள், ஒரே அறை, அன்றாட உடை, ஒரு கட்டில், ஓர் அடுப்பு. இவை எந்த ஊரிலும் கிடைப்பவை. அதற்கு மேலாக லேசி போன்ற பதிப்பாளர்கள் ஆறு பென்ஸ் விலையில் நடிப்புப் பிரதிகளை அச்சிட்டு விற்றனர். உரையாடல் மட்டுமல்ல, நடிகர் எங்கே நிற்பது, எந்த வாசலால் நுழைவது, என்ன உடை அணிவது என்பனவும் அவற்றிலிருந்தன. நாடகம் பார்த்திராத ஒருவன்கூட அந்தச் சிறு நூலை வைத்துக்கொண்டு மேடையேற்றலாம். கப்பல்களிலும் படைமுகாம்களிலும் சிட்னி, கல்கத்தா, பம்பாய் போன்ற துறைமுக நகரங்களிலும் ஆங்கிலப் பிரகசனங்கள் வேரூன்றியது இவ்வாறுதான்.

படைமுகாம்களில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஏற்றனர். 1866இல் பர்னாண்டும் இசையமைப்பாளர் ஆர்தர் சலிவனும் இதே கதையை 'கொக்ஸ் அன்ட் பொக்ஸ்' என்ற இசை நாடகமாக்கியபோது, ஆண்கள் மட்டும் கூடிய ஓர் இசைக் குழுவுக்காகவே அதனைச் செய்தனர். வீட்டுக்காரி அங்கே சார்ஜன்ட் பௌன்சர் என்ற முன்னாள் படைவீரனாக மாறிவிட்டாள். இரட்டை வாடகை வாங்கிய பெண் இராணுவப் பெருமை பேசும் ஆணானபோது, படைமுகாம் மேடைக்கு இதைவிட வசதியான நாடகம் வேறொன்று இருந்திருக்க முடியாது.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. லண்டனில் இந்நாடகத்தின் சிரிப்புக்கு ஒரு சமூக அடிப்படை இருந்தது. வாடகை, இட நெருக்கடி, இரவு பகலாகப் பிரிக்கப்பட்ட உழைப்பு என்பவற்றைப் பார்வையாளர் நேரில் அறிந்திருந்தனர். ஒன்பது மணியளவில் அரைக் கட்டணத்தில் உள்ளே வந்தவர்களில் பலர் அத்தகைய அறைகளிலிருந்து வந்தவர்களே. கல்கத்தாவில் வேலைக்காரர் சூழப் பெரிய வீடுகளில் வாழ்ந்த அதிகாரியும் வியாபாரியும் எதற்காகச் சிரித்தனர்? தாம் விட்டுவந்த ஊரை, அதன் சிறிய அறையை, அதன் சமையல் மணத்தை அவர்கள் மேடையில் கண்டனர் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. லண்டனில் ஏழ்மையின் கேலியாயிருந்தது காலனியில் ஊர் நினைவாகிவிட்டது. பிரதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் நாடகம் மாறிவிட்டது.

ஒரே அறைக்கு இரண்டு பேரிடம் வாடகை வாங்கும் வீட்டுக்காரியைப் பேரரசின் உருவகமாக வாசிக்கும் ஆசை நமக்கு ஏற்படலாம். பின்காலனித்துவ வாசிப்பு என்ற பெயரில் இவ்வகை உருவகங்கள் இப்போது மலிந்துவிட்டன. மோர்ட்டனின் பிரதி அந்தச் சுமையைத் தாங்காது. தாங்க வேண்டிய தேவையும் இல்லை. பிரகசனத்தின் அரசியல் அதன் உருவகத்தில் இல்லை. அதை யார் ஆடலாம், யார் பார்க்கலாம், யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்ற ஒழுங்கிலேயே அது இருக்கிறது.

அந்த ஒழுங்கைக் கல்கத்தாவில் தெளிவாகக் காணலாம். சௌரங்கி அரங்கை 1835இல் விலைக்கு வாங்கியவர் துவாரகநாத் தாகூர். சுதேசி ஒருவர் அரங்கின் சொந்தக்காரராக இருக்கலாம். பணம் கொடுத்துப் பார்வையாளராகவும் இருக்கலாம். மேடை மட்டும் வேறு. அந்த அரங்கு 1839இல் எரிந்த பின் எழுந்த சான் சூசி அரங்கின் உயிராக இருந்தவர் எஸ்தர் லீச் என்ற நடிகை. 1843 நவம்பரில் 'த ஹான்ட்சம் ஹஸ்பண்ட்' என்ற ஓரங்கப் பிரகசனத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது மேடை விளக்கிலிருந்து அவரது ஆடையில் தீப்பற்றியது. சில நாட்களில் அவர் மரணமானார். இரவின் கடைசியில் வரும் அந்தச் சிறு துண்டுக்காக நடிகர்கள் எத்தகைய ஆபத்தின் நடுவே உழைத்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

லண்டனில் 'பொக்ஸ் அன்ட் கொக்ஸ்' அரங்கேறி ஒரு வருடமும் ஆகுமுன்னர், 1848 ஆகஸ்ட்டில், அதே சான் சூசி மேடையில் வைஷ்ணவ சரண் ஆட்டியா என்ற வங்காளி இளைஞர் ஒதெல்லோவாகத் தோன்றினார். நகரம் பரபரப்படைந்தது. துணைப் பாத்திரங்களில் வரவிருந்த படையினர் தடுக்கப்பட்டதால் குறித்த நாளில் நாடகம் நடைபெறாமற் போய், பின்னரே மேடையேறியது. இலங்கைச் சோனகரைக் குறிக்க ஐரோப்பியர் பயன்படுத்திய அதே 'மூர்' என்ற சொல்லே ஒதெல்லோவின் அடைமொழியும் ஆகும். கறுப்பு முகம் தேவைப்பட்ட பாத்திரத்துக்குச் சுதேசி ஒருவரை அரங்கு ஏற்றது. ஆனால் அச்சகத் தொழிலாளி பொக்ஸாகச் சுதேசி ஒருவர் வருவதை அது எண்ணிப்பார்த்திராது. துன்பியலில் மூர் ஆகலாம். பிரகசனத்தில் லண்டன்வாசி ஆக முடியாது. ஆங்கிலேயனைப் போல நடித்துச் சிரிக்கவைப்பது ஆங்கிலேயனைப் பார்த்துச் சிரிப்பதற்கு மிக அருகில் இருக்கிறது.

எதிர்த் திசையில் இந்தத் தடை இருக்கவில்லை. அமெரிக்காவில் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரைக் கேலி செய்த 'மின்ஸ்ட்ரல்' ஆட்டக்காரர்கள் 'பொக்ஸ் அன்ட் கொக்ஸ்' நாடகத்துக்கும் கரிமுகப் பதிப்பொன்றைச் செய்து அச்சிட்டனர். அதே மரபில் வந்த டேவ் கார்சன் என்பவர் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தா மேடையில் ஆங்கிலம் படித்த வங்காளியைக் கேலி செய்யும் 'பெங்காலி பாபு' என்ற ஆட்டத்தால் புகழ்பெற்றார். அவருக்கு மறுமொழி கொடுத்தவர் அர்த்தேந்து சேகர் முஸ்தபி. 1872 டிசம்பர் 7ஆம் திகதி நுழைவுச்சீட்டு விற்று 'நீல் தர்ப்பண்' நாடகத்துடன் தொடங்கிய நெஷனல் தியேட்டரின் பெருநடிகர் அவர். மேலைத்தேய உடையணிந்து, கையில் வயலினுடன், ஆங்கிலமும் இந்துஸ்தானியும் கலந்து பாடி 'முஸ்தபி சாகேப்' என்ற துரையாக அவர் மேடையில் நின்றார். பாபுவைப் பார்த்துத் துரை சிரித்த காலம் போய், துரையைப் பார்த்து பாபு சிரிக்கும் காலம் வந்தது.

பம்பாயிலும் இதற்கிணையான ஒன்று நிகழ்ந்தது. 1846இல் திறக்கப்பட்ட கிராண்ட் ரோட் அரங்கில் 1853இல் பார்சி நாடகக்காரர் ருஸ்தும் - சொஹ்ராப் கதையை ஆடினர். அதே இரவில் பின்னிணைப்பாக ஒரு பிரகசனத்தையும் ஆடினர். பெரிய நாடகத்தின் கதை பாரசீகத்தினது. நிகழ்ச்சி ஒழுங்கு ஆங்கிலேயரது. பின்னால் வந்த பிரகசனமோ அவர்களது சொந்த ஊர்க் கதை. 'பொக்ஸ் அன்ட் கொக்ஸ்' வகை நாடகங்கள் காலனிக்குக் கொடுத்த பெரிய கொடை கதையல்ல. இரவின் கடைசி முக்கால் மணி நேரம் என்ற வெற்றிடமே. அந்த இடத்தில் எதை வைப்பது என்பதைச் சுதேசிகள் தாமே தீர்மானித்தனர்.

அதில் என்ன வைக்கலாம் என்பதை முன்னரே காட்டியவர் மைக்கல் மதுசூதன தத்தர். 1860இல் வெளியான அவரது இரு பிரகசனங்களில் ஒன்று ஆங்கில நாகரிகத்தில் மயங்கிய இளைஞரைக் கேலி செய்கிறது. மற்றையது 'புரோ ஷாலிகேர் காரே ரோங்'. பக்திமான் வேடமிட்ட கிழட்டு ஜமீன்தார் ஒருவன், தன் குடியானவனான ஹனீஃப் காசியின் மனைவி ஃபாத்திமாமீது கண்வைக்கிறான். ஹனீஃபும் ஃபாத்திமாவும் சேர்ந்து அவனைப் பாழடைந்த கோயிலொன்றுக்கு வரவழைக்க, பேய் வேடத்தில் ஹனீஃப் அவனுக்கு நல்ல பாடம் கற்பிக்கிறான். வறிய முஸ்லிம் விவசாயி ஒருவன் தன் பேச்சுமொழியிலேயே பேசி, தன் அறிவாலேயே வெற்றி பெறும் இப்பிரகசனம் நவீன இந்திய நாடகத்தின் தொடக்க காலத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. காப்பியம் பாடிய மதுசூதனர் பற்றி நமது சஞ்சிகைகளில் எழுதப்பட்டிருக்கிறது. ஹனீஃப் பற்றி எழுதப்பட்டதை நாம் காண்பதரிது. பைக்பாடா அரசர்கள் கேட்டு எழுதுவித்தும், பழைமைவாதிகளும் புதுமைவாதிகளும் ஒருசேர முகஞ்சுழித்ததால் அவர்களது பெல்காச்சியா அரங்கில் அவை ஆடப்படவில்லை. இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் கோபமூட்டுவது சிறிய சாதனையல்ல.

1876இல் இந்தச் சிறு வடிவம் அரசோடு நேருக்கு நேர் மோதியது. அதற்கு முந்திய டிசம்பரில் கல்கத்தா வந்த வேல்ஸ் இளவரசரை, ஜகதானந்த முகர்ஜி என்ற வழக்கறிஞர் தன் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்து, பெண்களைக்கொண்டு வரவேற்பளித்தார். ஊர் கொதித்தது. கிரேட் நெஷனல் தியேட்டர் பெப்ரவரியில் 'கஜதானந்தாவும் யுவராஜாவும்' என்ற பிரகசனத்தை, பெரிய நாடகமொன்றின் பின்னிணைப்பாக ஆடியது. பொலிஸ் தடுத்தது. பெயரை மாற்றி மீண்டும் ஆடினர். அதன்பின் பொலிஸையே கேலி செய்து 'பன்றியும் செம்மறியும்' பற்றிய ஒரு பிரகசனத்தை மேடையேற்றினர். பொலிஸ் ஆணையாளரின் பெயர் ஹொக், அவரது அதிகாரியின் பெயர் லேம்ப் என்பது தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வைசிராய் நோர்த்புரூக் பெப்ரவரி 29ஆம் திகதியே அவசரச் சட்டம் பிறப்பித்துவிட்டார். மார்ச் 4ஆம் திகதி பொலிஸ் அரங்குக்குள் புகுந்து உபேந்திரநாத் தாஸ், அம்ரிதலால் பாசு முதலானோரைக் கைது செய்தது. வழக்கோ அந்தப் பிரகசனங்கள்மீது தொடரப்படவில்லை. 'சுரேந்திர வினோதினி' என்ற வேறொரு நாடகம் ஆபாசமானது என்றே குற்றஞ்சாட்டப்பட்டது. சிரிப்பைக் குற்றமென்று நீதிமன்றத்தில் சொல்ல அதிகாரத்துக்கும் வெட்கம் இருந்தது போலும். உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆயினும் அவ்வருட இறுதியில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் நிறைவேறியது. அவதூறானவை, அரசின்மீது வெறுப்பைத் தூண்டுபவை, பார்ப்போரின் ஒழுக்கத்தைக் கெடுப்பவை என அரசு கருதும் எந்த நாடகத்தையும் தடைசெய்யலாம் என்றது அச்சட்டம். பேச்சற்ற ஊமையாட்டத்தையும் அது விட்டுவைக்கவில்லை. முஸ்தபியின் உடலசைவைக்கூட அரசு வாசித்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

லண்டனில் மோர்ட்டனும் தணிக்கைக்குட்பட்டவரே. 1843ஆம் ஆண்டின் அரங்குச் சட்டப்படி ஒவ்வொரு புதிய நாடகப் பிரதியும் லோர்ட் சேம்பர்லெயினின் அனுமதியைப் பெறவேண்டும். அந்த முறை 1968இல்தான் ஒழிந்தது. ஆனால் இரண்டுக்குமிடையில் ஒரு வேறுபாடு உண்டு. பொக்ஸும் கொக்ஸும் ஒருவரையொருவர் ஏமாற்றினர். ஆட்சியை அவர்கள் சீண்டவில்லை. அவ்வகைச் சிரிப்புக்கு அனுமதி எளிதிற் கிடைத்தது. காலனியில் அதே அளவான நேரத்தில், அதே அளவான மேடையில் சிரிப்பின் திசை மேல்நோக்கித் திரும்பியபோதே அவசரச் சட்டம் தேவைப்பட்டது.

அச்சட்டம் ஆட்சியாளரோடு கப்பலேறிப் போகவில்லை. சுதந்திர இந்தியாவில் அது 2018 வரை சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்படவில்லை. இலங்கையில் 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பகிரங்க அரங்காற்றுகைக் கட்டளைச் சட்டம் அதே சிந்தனையின் உறவினன். சுதந்திரத்தின் பின்னும் நாடக எழுத்தாளர் தம் பிரதிகளைத் தணிக்கைக்குக் கையளிக்கும் வழக்கம் அதன் வழி வந்ததே. ஆண்டவர் மாறினர், சிரிப்புக்கு அஞ்சும் குணம் மாறவில்லை.

தமிழில் இவ்வடிவம் வேறு பாதையால் வந்தது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'யில் எசமானும் சபாபதி, வேலைக்காரனும் சபாபதி. ஒரே பெயருக்குள் இருவர் சிக்கிக்கொள்ளும் அந்தக் குழப்பம் பொக்ஸும் கொக்ஸும் வாழ்ந்த அறைக்கு வெகு தூரத்தில் இல்லை. 1910களின் தொடக்கத்தில் அச்சபையார் இலங்கைக்கு வந்து ஆடினர். கலையரசு சொர்ணலிங்கம் போன்றோர் அவர்களால் ஊக்கம் பெற்றனர். பம்மலாரை நாடகத் தந்தை என்று போற்றும் வரலாறுகள் 'மனோகரா'வுக்குப் பக்கங்களை ஒதுக்கி, 'சபாபதி'யை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அந்த ஒரு வரியும் பெரும்பாலும் 1941இல் வந்த திரைப்படம் பற்றியதாகவே இருக்கிறது.

இந்த அலட்சியமே இங்கு பேச வேண்டியது. நமது இலக்கிய வரலாறுகள் காப்பியத்தை எண்ணுகின்றன. கிஸ்ஸாவையும் மசலாவையும் படைப்போரையும் அண்மைக் காலத்தில் எண்ணத் தொடங்கியிருக்கின்றன. சிறுகதையையும் கவிதையையும் வருடவாரியாக எண்ணுகின்றன. பாடசாலைக் கலைவிழாவிலும் ஊர்ச் சங்க மேடையிலும் நிகழ்ச்சியின் கடைசியில் வந்த சிறு நகைச்சுவை நாடகங்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. அவற்றின் பிரதி ஓர் அப்பியாசக் கொப்பி. விழா முடிந்ததும் அதன் வாழ்வும் முடிந்துவிடுகிறது. இலக்கியத் தரம் குறைந்தவை என்ற ஒரே காரணத்தால் அவற்றைத் தள்ளிவிடும் விமர்சகன், கல்கத்தாப் பொலிஸ் ஆணையாளருக்கு இருந்த வாசிப்புத் திறன்கூடத் தனக்கில்லை என்பதையே ஒப்புக்கொள்கிறான். அந்தச் சிறு துண்டுகளின் வலிமையை அதிகாரம் விளங்கியிருந்தது. அதனாலேயே சட்டம் எழுதியது.

மோர்ட்டன் நூற்றுக்கணிக்கு நெருங்கிய சிறு நாடகங்களை எழுதிக் குவித்தும், முதுமையில் சார்ட்டர்ஹவுஸ் என்ற தரும இல்லத்தில் தங்கி அங்கேயே மறைந்தார். மாறிமாறி இடம்பெறும் இருவரைக் குறிக்க 'பொக்ஸ் அன்ட் கொக்ஸ்' என்பது ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடராக நிலைத்தது. எழுதியவர் பெயர் மறைந்தது. ஹனீஃப் காசியாக நடித்தவர்களையும் 'கஜதானந்தா'வில் ஆடியவர்களையும் எண்ணினால் அந்தப் பட்டியல் இன்னும் நீளும். நமது ஊர்களில் அப்பட்டியலைத் தொடங்கவே இல்லை. பழைய விழா மலர்களும் நிகழ்ச்சி நிரல்களும் கொப்பிகளும் சிலர் வீட்டு அலுமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் நடித்தவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கின்றனர். அவர்களிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி 'என்ன எழுதினீர்கள்' என்பதல்ல. 'அன்றிரவு யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள்' என்பதே.